பூனைக்கு எஃப்.ஐ.பி. எனும் ஐயம்: சோதனைகளின் வரிசையும் முடிவுகளைப் படிக்கும் முறையும்

எஃப்.ஐ.பி. எனப்படும் பூனைத் தொற்று வயிற்றுறை அழற்சி, ஒரே சோதனையில் "ஆம்" அல்லது "இல்லை" என்று விடை கிடைக்கும் நோயன்று. பூனை கண்ணெதிரே மெலிந்துகொண்டிருக்கும்போதும், மருத்துவர் "பெரும்பாலும் இதுதான்" என்பதற்கு மேல் சொல்ல இயலாத நிலை அடிக்கடி வரும். என் பூனைக்கு இந்த ஐயம் எழுந்து தீர மூன்று வாரங்கள் ஆயின. அதன்பின் இதே நிலையிலிருந்த பலருடன் மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறேன். அவர்களுடைய அறிக்கைகளை உடனிருந்து படித்திருக்கிறேன். அவர்களில் பலர் இடறியதற்குச் சோதனைக்கூடம் காரணமாக இருக்கவில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததும், ஒரு சோதனை சொல்லாத ஒன்றை அது சொன்னதாக எடுத்துக்கொண்டதுமே காரணம்.

இங்கே மருந்தளவு எதுவும் தரப்படவில்லை. அதைப் பூனையின் எடையையும் நோயின் வகையையும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு குறிப்பேட்டை எடுத்து, பூனையின் வயது, இனம், கருத்தடை செய்த நாள், வீட்டிலுள்ள மற்றப் பூனைகளின் எண்ணிக்கை, கடந்த மூன்று மாதங்களில் நேர்ந்த மாற்றங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். இடமாற்றம், அறுவை சிகிச்சை, புதிய பூனையின் வருகை போன்றவை பூனைக்கு மனவழுத்தம் தருபவை. நோய் வெளிப்படுவதற்கு முன் இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்திருப்பதைப் பலமுறை காணலாம். நோயுறும் பூனைகளில் பெரும்பாலானவை இரண்டு வயதுக்கு உட்பட்டவை. ஆகவே ஒன்பது மாதக் குட்டிக்கும் பதினோரு வயதுப் பூனைக்கும் ஒரே சோதனை முடிவு வந்தாலும் அதன் பொருள் ஒன்றாகாது. வயது முதிர்ந்த பூனையில் புற்றுநோய்க்கும் ஈரல் நோய்க்கும் கூடுதல் இடம் தர வேண்டும்.

பிறகு நாள்தோறும் மூன்று அளவுகளைக் குறியுங்கள்: எடை, உடல் வெப்பம், உறங்கும்போது ஒரு நிமிடத்தில் விடும் மூச்சுகளின் எண்ணிக்கை. நலமான பூனையின் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். உறக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் அடங்கும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தும் தணியாமல் ஏறியிறங்கும் காய்ச்சல் இந்நோயின் முக்கியமான தடயம். ஆனால் மருத்துவமனையில் ஒருமுறை மட்டும் அளந்தால், அது இறங்கியிருக்கும் வேளையாக இருந்து ஏமாற்றிவிடக்கூடும். வெப்பமானியை உள்ளே செலுத்த முடியாத அளவுக்குப் பூனை போராடினால் விட்டுவிடுங்கள். எடையும் மூச்சும் மட்டுமே கூடப் பயன் தரும்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பத்திகளை வரையுங்கள்: "ஆதரிப்பது", "எதிர்ப்பது", "விடை சொல்லாதது". இனி வரும் ஒவ்வொரு முடிவும் இம்மூன்றில் ஒன்றுக்குள் செல்ல வேண்டும். மூன்றாம் பத்திதான் விரைவாக நிரம்பும். அந்தப் பத்தி இல்லாதபோது, விடை சொல்லாத முடிவுகளை நம் அச்சத்துக்கோ நம்பிக்கைக்கோ ஏற்றபடி முதலிரண்டில் ஒன்றில் சேர்த்துவிடுகிறோம்.

2. ஒரே சோதனை ஏன் போதாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்நோயின் மூலம் பூனைக் கொரோனா வைரஸ். பல பூனைகள் சேர்ந்து வாழும் இடங்களில் பெரும்பாலானவை இவ்வைரஸை எப்போதாவது சந்தித்திருக்கும். அவற்றில் மிகப் பலவற்றுக்கு ஓரிரு நாள் வயிற்றுப்போக்கு வரலாம். அதுவும் வராமல் போகலாம். சிறு பங்கினவற்றின் உடலுக்குள் மட்டும் வைரஸ் திரிபடைந்து, குடலைவிட்டு வெளியேறி, இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான மேக்ரோஃபேஜ்களுக்குள் பெருகி, நாளங்களைச் சுற்றி அழற்சியை உண்டாக்குகிறது. எஃப்.ஐ.பி. என்பது இந்நிலை.

ஆகவே "வைரஸ் இருக்கிறதா" என்ற கேள்விக்கு விடை கிடைத்தாலும், "இந்நோய் இருக்கிறதா" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கீழே வரும் ஒவ்வொரு சோதனையையும் படிக்கும்போது, அது இவ்விரு கேள்விகளில் எதற்கு விடை தருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. காத்திருக்கக் கூடாத நிலைகள்

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, உறக்கத்தில் நிமிடத்துக்கு 40-க்கு மேல் மூச்சு விடுவது, வலிப்பு, எழுந்து நிற்க முடியாமை, ஒரு நாளுக்கு மேல் எதுவும் உண்ணாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் உயிர்காப்பு, நோயறிதல் பிறகு. நெஞ்சறையில் நீர் தேங்கியிருந்தால் அதை எடுப்பதே சிகிச்சையும் ஆகும், மாதிரியும் ஆகும். எடுத்த நீரைக் கொட்டிவிட வேண்டாம் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. ஸ்டீராய்டுக்கு முன் சோதனை மாதிரி எடுங்கள்

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை, மாதிரி எடுப்பதற்கு முன் கொடுப்பதே வரிசையில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது. பூனை சோர்ந்திருக்கிறது, காய்ச்சல் இறங்கவில்லை, உரிமையாளர் கலங்கி நிற்கிறார். அவ்வேளையில் ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. இரண்டு நாளில் பூனை உண்ணத் தொடங்குகிறது. ஆனால் எஃப்.ஐ.பி.யிலும் ஸ்டீராய்டு தற்காலிகத் தெம்பு தரும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றிலும் தரும். சில குடல் மற்றும் ஈரல் அழற்சிகளிலும் தரும். ஆகவே அந்த முன்னேற்றத்தால் எதையும் பிரித்தறிய முடியாது. அதோடு, லிம்போமா அணுக்கள் ஸ்டீராய்டால் குறைந்துவிடுவதால், பின்னால் எடுக்கும் மாதிரி பொய்யாகத் தூய்மையாகத் தோன்றலாம்.

என் பூனைக்கு இதுதான் நடந்தது. ஊசி போட்ட நான்காம் நாள் எடுத்த திசு மாதிரியைப் பார்த்த நோய்க்குறியியலாளர், உறுதியாக எதுவும் கூற இயலாது என்று எழுதினார். மூன்று வாரங்களில் இரண்டு வாரங்கள் அப்படித்தான் கழிந்தன. "இந்த ஊசியில் ஸ்டீராய்டு உண்டா? மாதிரி எடுத்த பிறகு போடலாமா?" என்று பணிவாகக் கேட்பதில் தவறேதும் இல்லை. நான் அன்று கேட்கவில்லை.

5. இரத்தப் பரிசோதனையை விகிதத்திலிருந்து படியுங்கள்

முழு இரத்த அணுக்கணக்கு, உயிர்வேதியியல் அறிக்கை ஆகிய இரண்டையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லுங்கள். வெவ்வேறு நாள்களில் எடுத்தால், இடையில் ஏற்றிய நீரும் கொடுத்த மருந்தும் எண்களை மாற்றிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, இரத்தப் புரதங்களான அல்புமினுக்கும் குளோபுலினுக்கும் உள்ள விகிதம். அறிக்கையில் அது அச்சிடப்படாவிட்டால் நீங்களே கணக்கிடலாம். மொத்தப் புரதம் 8.8, அல்புமின் 2.2 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் குளோபுலின் 6.6. அல்புமினை அதனால் வகுத்தால் 0.33. விகிதம் 0.4-க்குக் கீழே இருந்தால் எஃப்.ஐ.பி.க்கு ஆதரவு கூடுகிறது. 0.8-க்கு மேலிருந்தால் நோய் இருப்பதற்கான வாய்ப்பு மிகவும் குறைகிறது. இடைப்பட்ட எண்கள் மூன்றாம் பத்திக்கு உரியவை. உடலில் நீர் வற்றினால் மொத்தப் புரதம் உயர்ந்து காட்டும். விகிதம் அந்த அளவுக்கு ஏமாற்றாது. எனவேதான் விகிதத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். குளோபுலின் உயர்வதற்கு நாட்பட்ட எந்த அழற்சியும் காரணமாகலாம். கடுமையான ஈறு நோயுள்ள பூனையிலும் அது உயர்ந்திருக்கக்கூடும். ஆகவே தாழ்ந்த விகிதம் ஐயத்தை வலுப்படுத்துமே தவிர நிறுவாது. உயர்ந்த விகிதம் ஐயத்தைத் தளர்த்தும் வலிமை அதைவிடப் பெரிது.

அடுத்து, வெள்ளையணு வகைகளில் லிம்போசைட்டுகள் குறைந்துள்ளனவா, நியூட்ரோஃபில்கள் கூடியுள்ளனவா, எலும்பு மச்சை ஈடுகொடுக்காத இரத்தசோகை உள்ளதா என்று பாருங்கள். பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பித்தப்பொருள் உயர்ந்தும் ஈரல் நொதிகள் பெரிதாக உயராமலும் இருந்தால், அது இந்நோய்க்கு ஒத்துவரும் கோலம். ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம் என்ற அழற்சிப் புரதத்தை அளக்கும் வசதி இருந்தால் அதையும் கேளுங்கள். அது மிக உயர்ந்திருந்தால் ஆதரவு. இயல்பாக இருந்தால் வேறு நோயைத் தேடுவது நல்லது.

அதே இரத்தத்தில் பூனை லூக்கீமியா வைரஸ், பூனை நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ் ஆகியவற்றுக்கான விரைவுச் சோதனையையும் செய்துவிடுங்கள். லூக்கீமியா வைரஸ் இருந்தால் லிம்போமாவின் வாய்ப்பு ஏறுவதால், பின்னர் வரும் முடிவுகளைப் படிக்கும் விதமும் மாறும்.

6. நீரைத் தேடுங்கள்

இந்நோயில் வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் தேங்கினால் அது நீருள்ள வகை, தேங்காவிட்டால் நீரற்ற வகை. வயிறு உப்பித் தெரியாவிட்டாலும் அல்ட்ராசவுண்டு செய்யச் சொல்லுங்கள். கைக்குத் தட்டுப்படாத சில மில்லிலிட்டர் நீரும் அதில் தென்படும். நெஞ்சு, வயிறு, இதய உறை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். முதல்நாள் இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் கழித்து மீண்டும் பார்ப்பது வீணாகாது. நீரற்ற வகையாகத் தொடங்கிய நோயில் பின்னர் நீர் சேர்வதும் உண்டு.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேங்கிய நீரில் செய்யும் ஏறத்தாழ எந்தச் சோதனையும், அதையே இரத்தத்தில் செய்வதைவிடக் கூடுதல் நம்பகமானது.

7. எடுத்த நீரை இந்த வரிசையில் சோதியுங்கள்

நீரை இரண்டு குழாய்களில் பிரிக்க வேண்டும். உறைவதைத் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடிக் குழாய் அணுக்களை எண்ணவும் நுண்ணோக்கியில் பார்க்கவும் உதவும். எதுவும் சேராத தூய குழாய் புரத அளவுக்கும் பாக்டீரியா வளர்ப்புச் சோதனைக்கும் தேவை. ஒரே குழாயில் அனுப்பிவிட்டு, "இதில் வளர்ப்புச் சோதனை செய்ய இயலாது" என்ற பதிலைப் பெற்று, மீண்டும் பூனையைக் குத்த நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கண்ணால் பாருங்கள். எஃப்.ஐ.பி. நீர் வைக்கோல் மஞ்சளாக, தெளிவாக, விரலுக்கிடையே இழுத்தால் நூல்போல் நீளும் பிசுபிசுப்புடன் இருப்பது வழக்கம். பால்போல் வெண்மையாகவோ சீழ்போல் நாற்றத்துடனோ இருந்தால் வேறு காரணங்களை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து ரிவால்டா சோதனை. ஒரு குழாயில் 7 அல்லது 8 மில்லிலிட்டர் வாலைவடிநீர் ஊற்றி, அடர்ந்த அசிட்டிக் அமிலத்தில் ஒரு துளி கலந்து, அதன் மேற்பரப்பில் பூனையிடமிருந்து எடுத்த நீரின் ஒரு துளியை மெல்ல விடுவார்கள். துளி கரைந்து மறைந்தால் எதிர்மறை. உருக்குலையாமல் மேலே தங்கினாலோ மெதுவாகக் கீழே இறங்கினாலோ நேர்மறை. சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையின் வலிமை ஒரு பக்கம் சாய்ந்தது. எதிர்மறை வந்தால் எஃப்.ஐ.பி. இல்லை என்பதற்கு நல்ல சான்று. நேர்மறையோ, பாக்டீரியா வயிற்றுறை அழற்சியிலும் லிம்போமாவிலும் வரக்கூடியது. "ரிவால்டா நேர்மறை, ஆகவே எஃப்.ஐ.பி." என்று அங்கேயே நிறுத்தியவர்கள் பலர்.

அதனால்தான் மூன்றாவதாக நுண்ணோக்கி. எஃப்.ஐ.பி. நீரில் புரதம் மிகுதி, பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல். அணுக்களோ குறைவு, பொதுவாக மைக்ரோலிட்டருக்கு 5,000-க்குக் கீழே. பாக்டீரியாத் தொற்றில் சிதைந்த நியூட்ரோஃபில்கள் பெருமளவில் இருக்கும். அவற்றுக்குள் பாக்டீரியாக்களையே காணலாம். லிம்போமாவில் இயல்பற்ற பெரிய லிம்போசைட்டுகள் தென்படும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்குத் தாவுபவர்கள், அன்றே குணப்படுத்தத் தொடங்கியிருக்கக்கூடிய சீழ்த்தொற்றைத் தவறவிடுகிறார்கள்.

நான்காவதாக, அதே நீரில் பி.சி.ஆர். இவ்வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ.; அது விரைவில் சிதையும். மாதிரி குளிர்ச்சியாகவும் தாமதமின்றியும் போய்ச்சேர வேண்டும். நீரில் வைரஸ் அளவு மிகுதியாக இருந்து, மேற்சொன்ன மற்றவையும் ஒத்துவந்தால், உறுதிக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள். எதிர்மறை வந்தால் ஐயம் குறையுமே தவிர முற்றாக நீங்காது.

சில கூடங்கள் வைரஸின் கூர்ப்புரத மரபணுவில் உள்ள திரிபையும் சேர்த்துச் சொல்கின்றன. திரிபு காணப்பட்டால் வைரஸ் குடலைத் தாண்டிப் பரவியிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் இந்நோய் இல்லாத பூனைகளின் திசுக்களிலும் அத்திரிபு காணப்பட்டுள்ளதால், அதை இறுதிச் சான்றாக எடுக்க வேண்டாம்.

8. நீரே இல்லாதபோது

உண்மையான கடினம் இங்குதான். நீரற்ற வகையில் அறிகுறிகள் எந்த உறுப்பு பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். எடை குறைவதும் காய்ச்சலும் தவிர வேறொன்றும் தெரியாமலும் போகலாம்.

கண்களை மருத்துவர் கருவி கொண்டு பார்க்க வேண்டும். கருவிழிப்படலத்தின் நிறம் மாறுவதும், கண்ணுக்குள் கலங்கல் படிவதும் வெளியிலிருந்து தெரியாத அளவுக்குச் சிறிதாக இருக்கலாம். நடை தள்ளாடுகிறதா, தலை நடுங்குகிறதா, கண்மணிகள் தாமே பக்கவாட்டில் ஆடுகின்றனவா என்பதை வீட்டில் காணொளியாக எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனை மேசையில் அச்சத்தால் உறைந்து நிற்கும் பூனை இவற்றைக் காட்டாது.

அல்ட்ராசவுண்டில் குடலிணையத்து நிணநீர் முடிச்சோ சிறுநீரகமோ பெருத்திருந்தால், மெல்லிய ஊசியால் அணுக்களை எடுத்து, ஒரு பகுதியை நுண்ணோக்கிக்கும் மறுபகுதியைப் பி.சி.ஆருக்கும் அனுப்பலாம். கிட்டத்தட்ட முழு உறுதி தருவது திசுத்துண்டு எடுத்து, அதன் மேக்ரோஃபேஜ்களுக்குள் வைரஸ் புரதம் இருப்பதை நோயெதிர்ப்புத் திசுவேதியியல் சாயத்தால் காண்பது. ஆனால் அதற்கு மயக்க மருந்தும் அறுவையும் தேவைப்படலாம். மெலிந்த பூனையால் அதைத் தாங்க முடியுமா என்பது தனிக் கேள்வி. ஊசியோ கத்தியோ புண்ணில்லாத இடத்தில் பட்டிருந்தால், நோயிருந்தும் எதிர்மறை வரும் என்பதையும் மறக்க வேண்டாம். தண்டுவட நீர் எடுப்பதற்கு முன், மூளையழுத்தம் உயர்ந்துள்ளதா என்பதை மருத்துவர் எடைபோட வேண்டும். உயர்ந்திருக்கும்போது எடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

9. விடை சொல்லாத இரண்டு சோதனைகள்

இரத்தத்தில் கொரோனா எதிர்ப்பொருள் அளவு. நலமான எத்தனையோ பூனைகளுக்கு இது நேர்மறை. ஏனெனில் வைரஸைச் சந்தித்ததை மட்டுமே இது காட்டுகிறது. "எஃப்.ஐ.பி. சோதனை" என்று பெயரிட்டு விற்கப்படும் விரைவுக் கருவிகளில் பல இவ்வெதிர்ப்பொருளையே அளக்கின்றன. அந்தப் பெயரை நம்பிக் கருணைக்கொலை வரை சென்ற குடும்பத்தை நான் அறிவேன். இதை எழுதும்போதும் அந்தக் குட்டி நினைவுக்கு வருகிறது.

மலத்தில் பி.சி.ஆர். அது குடலில் வைரஸ் இருப்பதைச் சொல்லும். பல பூனைகள் உள்ள வீட்டில் எந்தப் பூனை வைரஸை வெளியேற்றுகிறது என்று அறிய உதவலாம். நோயாளிப் பூனையின் நோயறிதலுக்கு அது பயன்படாது.

10. எவ்வளவு உறுதி போதும் என்று முடிவு செய்யுங்கள்

இப்போது குறிப்பேட்டின் மூன்று பத்திகளையும் மருத்துவருடன் அமர்ந்து படியுங்கள். கேட்க வேண்டிய கேள்வி: "இதே கோலத்தை உண்டாக்கக்கூடிய, வேறு சிகிச்சை தேவைப்படும் நோய் எது? அதை விலக்கிவிட்டோமா?" பாக்டீரியாத் தொற்று, லிம்போமா, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று, லிம்போசைட்டு பித்தநாள அழற்சி, கணைய அழற்சி, இதயச் செயலிழப்பு ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

முன்பு இந்நோய்க்கு மருந்தில்லாத காலத்தில், முழு உறுதி கிடைக்கும்வரை காத்திருப்பது பொருத்தமாக இருந்தது. தவறான முடிவின் பின்னால் வருவது கருணைக்கொலை. 2019-இல் ஜி.எஸ்.-441524 என்ற மருந்து இயற்கையாக நோயுற்ற 31 பூனைகளுக்குக் கொடுக்கப்பட்டு, அவற்றில் பெரும்பாலானவை பிழைத்ததாக ஆய்வு வெளிவந்தது. அதன்பின் கணக்கு மாறிவிட்டது. இன்று, நோய் இருக்கும்போது காத்திருப்பதால் வரும் இழப்பு மிகப் பெரிது. நீருள்ள வகையில் நாள்கள் கூட முக்கியம். ஆதரிக்கும் பத்தி நிரம்பி, மேற்சொன்ன நோய்கள் நியாயமான அளவுக்கு விலக்கப்பட்டிருந்தால், முழு உறுதி இல்லாமலேயே சிகிச்சையைத் தொடங்குவதை நான் சரியென்றே கருதுகிறேன். அம்மருந்தைச் சட்டப்படி பெறும் வழி நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், மருத்துவரிடம் கேட்டே பெறுங்கள்.

11. சிகிச்சைக்குக் கிடைக்கும் பதிலையும் சோதனையாகப் படியுங்கள்

சரியான அளவில் கொடுத்தால் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இறங்கும். ஐந்து நாளுக்குள் உணவும் சுறுசுறுப்பும் திரும்பும். தேங்கிய நீர் ஓரிரு வாரங்களில் வற்றும். இப்பதில் கிடைத்தால் அது வலுவான ஆதரவு. ஒரு வாரமாகியும் எதுவும் மாறாவிட்டால் அளவு போதவில்லையா, மருந்து தரமற்றதா, நோயே வேறா என்ற மூன்றையும் அன்றே எழுப்ப வேண்டும்.

இந்தச் சான்று பழுதின்றிக் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. ஸ்டீராய்டையும் புதிய நுண்ணுயிர்க்கொல்லியையும் அதே நாளில் தொடங்கினால், எதனால் தேறியது என்று சொல்ல முடியாது. மருத்துவக் காரணத்தால் சேர்த்தே கொடுக்க நேர்ந்தால் கொடுங்கள். ஆனால் கிடைக்கும் முன்னேற்றத்தை மூன்றாம் பத்தியில் எழுதுங்கள்.

வழக்கமான சிகிச்சைக் காலம் 84 நாள். வாரந்தோறும் எடை பாருங்கள். குட்டி தேறி எடை கூடக்கூட மருந்தளவும் கூட வேண்டும். மருந்தளவைப் பழைய எடையிலேயே விட்டுவிடுவது, நோய் திரும்புவதற்கு நான் கண்ட எளிய காரணம். விகிதம் இயல்புக்கு ஏறுவதை இடையிடையே இரத்தத்தில் சரிபார்க்க வேண்டும். நிறுத்திய பின்னும் ஏறத்தாழ மூன்று மாதம் கண்காணிப்பு தொடர வேண்டும்.

12. வீட்டிலுள்ள மற்றப் பூனைகள்

இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. கூடவே வாழ்ந்த பூனைகள் சாதாரணக் கொரோனா வைரஸை ஏற்கெனவே சந்தித்திருக்கும். திரிந்த வடிவம் பூனையிலிருந்து பூனைக்கு நேராகப் பரவுவது வழக்கமில்லை. சைப்ரஸில் 2023-இல் பரவியது இதற்கு விதிவிலக்கு. அது நாய்க் கொரோனா வைரஸின் கூறும் கலந்த புதிய வகை. பூனை அத்தீவிலிருந்து வந்திருந்தால் மருத்துவரிடம் முதல்நாளே சொல்லுங்கள். மற்றவர்கள் மலப்பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, அவற்றை நாள்தோறும் தூய்மைப்படுத்தினால் போதும்; நலமான பூனைகளுக்கு எதிர்ப்பொருள் சோதனை செய்து கலங்க வேண்டியதில்லை.

13. பூனை பிழைக்காவிட்டால்

விடை தெரியாமலே பூனை இறந்துவிட்டால், உடற்கூறாய்வு கேட்கலாம். திசுத்துண்டு எடுக்க உயிருடன் இருந்தபோது இயலாத இடங்களிலிருந்தும் அப்போது எடுக்க முடியும். உடன்பிறந்த குட்டிகள் வேறு வீடுகளில் வளர்ந்தால் அவற்றை வளர்ப்பவர்களுக்கு அந்த விடை தேவைப்படும். உடலைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டு செல்லுங்கள். உறைபெட்டியில் வைக்க வேண்டாம்; உறைந்த திசுவில் அணுக்கள் வெடித்துவிடுவதால் நுண்ணோக்கியில் படிப்பது அரிதாகிவிடும்.